கைவேலையும் நன்கொடையும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. கைவேலை செய்து நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டுகிறவர்கள், திரட்ட ஆசைப்படுகிறவர்கள், திரட்டித் திரட்டி ஓய்ந்துபோனவர்கள், அப்புறம் அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் என்று எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்தும், நீளமானவற்றைச் சுருக்கியும் போட்டிருக்கிறேன். பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லை.

அக்கா, எனக்குக் குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னுவது, என்றால் உயிர். ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குப் பணம் திரட்டலாம் என்று சின்னச் சின்ன பொம்மைகள் போட்டு விற்க ஆரம்பித்தேன். நல்ல வரவேற்பு. இப்போது மேஜை முழுக்க நூல், கட்டில் மேல் பஞ்சு மூட்டை, ராத்திரி பதினோரு மணிக்கும் யாராவது "இன்னும் நாலு கிடைக்குமா" என்று செய்தி அனுப்புகிறார்கள். மகளுக்கு என்று ஆரம்பித்த போர்வை பாதியில் பைக்குள்ளேயே கிடக்கிறது. ஊசியைக் கையில் எடுத்தாலே சலிப்பாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் அந்தக் குழந்தைகளுக்குத் துரோகம் செய்த மாதிரி ஆகாதா?

நிறுத்த வேண்டாம் தங்கையே, ஒரு முடிவுத் தேதி குறியுங்கள். உங்கள் கடிதத்தில் எதற்காக ஆரம்பித்தீர்கள் என்பது இருக்கிறது, எவ்வளவு பணம் சேர வேண்டும், எந்த நாளோடு முடியும் என்பது எங்கேயும் இல்லை. இந்த இரண்டும் இல்லாமல் ஆரம்பிக்கிற எல்லா நல்ல காரியமும் இப்படித்தான் வீட்டுக்குள் பரவும், ஏனென்றால் வருகிற ஒவ்வொரு ஆர்டரையும் மறுக்க உங்கள் கையில் ஒரு காரணமும் இருக்காது. "இந்த மாதக் கடைசியோடு ஆர்டர் முடிகிறது" என்று இன்றைக்கே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். வேண்டுமானால் சில மாதம் கழித்து மறுபடி திறக்கலாம், அதற்கும் ஒரு தேதி வைத்துக்கொண்டு.

சலிப்பு வந்ததற்காக உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். படம் வரைவதில் தானாகவே ஆசை இருந்த குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் மட்டும், வரைந்தால் ஒரு பரிசுச் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாமாக வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களோடு ஒப்பிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அந்த ஆய்வு சேவையைப் பற்றியது அல்ல, உண்மைதான். ஆனாலும் ஆசைக்குச் செய்த வேலைக்குப் பின்னால் ஒரு எண்ணிக்கை, ஒரு கெடு, காத்திருக்கும் ஒரு ஆள் என்று வந்துவிட்டால் அந்த ஆசைக்கு என்ன ஆகிறது என்பதை அதில் பார்க்கலாம். அதனால்தான் விடாப்பிடியாகச் சொல்கிறேன், வீட்டில் விற்பனைக்கே போகாத ஒரு வேலை எப்போதும் ஊசியில் இருக்க வேண்டும். மகளின் போர்வையை எடுத்து வெளியே வையுங்கள். தினம் முதலில் அதில் இரண்டு வரிசை, அதற்கப்புறம் பொம்மை. இந்த வரிசையை மாற்றாதீர்கள், மாற்றினால் போர்வை மறுபடி பைக்குள் போய்விடும்.

மிச்சமிருக்கும் ஆர்டர்களை முடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு பொம்மையை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒரு வாரம் தலைகள் மட்டும், அடுத்த வாரம் உடம்பு, அப்புறம் கை கால்கள். ஒரே அளவைத் திரும்பத் திரும்பப் போடும்போது கை தானாகப் பழகி, எண்ணிக்கொண்டே போட வேண்டிய கஷ்டம் போய்விடும், பக்கத்தில் இருப்பவர்களோடு பேசிக்கொண்டும் போடலாம். பஞ்சு அடைப்பது வீடெல்லாம் பறக்கிற வேலை, அதை ஒரே நாளில் ஒரு பழைய விரிப்பின் மேல் உட்கார்ந்து முடித்து, விரிப்போடு சுருட்டி உதறிவிடுங்கள். தொங்குகிற நூல் முனைகளை உள்ளே இழுத்துச் செருகுவது மட்டும் அன்றன்றைக்கு நடக்க வேண்டும். அது சேர்ந்து போனால்தான் இந்த வேலை மேலேயே வெறுப்பு வரும். நூலும் பஞ்சும் இருக்க மூடி போட்ட ஒரே ஒரு பெட்டி. அதற்குள் அடங்காத அளவு பொருள் வாங்காதீர்கள், ராத்திரி மேஜை காலியாக வேண்டும்.

துரோகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். காப்பகத்தை நடத்துகிறவர்களிடம் உங்கள் முடிவுத் தேதியைச் சொல்லுங்கள். எவ்வளவு வரும், எப்போது வரும், எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அவர்களால் திட்டம் போட முடியும். மாதாமாதம் வந்துகொண்டிருந்தது சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோவதுதான் அவர்களைத் திண்டாட வைக்கும்.

விலை வைப்பது எப்படி? எவ்வளவு குறைவாக வைத்தாலும் "சேவைக்குத்தானே செய்கிறீர்கள், குறைத்துக் கொடுங்கள்" என்கிறார்கள். பேரம் பேசிப் பேசிக் கடைசியில் நூல் வாங்கிய காசுதான் மிஞ்சுகிறது.

குறைக்காதீர்கள். "இதில் குறைத்தால் அது நான் இழப்பது இல்லை, அங்கே போக வேண்டிய பணம்தான் குறையும்" என்று சிரித்த முகத்தோடு ஒரே வரியில் சொல்லுங்கள், பெரும்பாலானவர்கள் அதற்கப்புறம் பேச மாட்டார்கள்.

பேரம் பேசுகிறவர்களில் பலருக்கு இது எப்படி உருவாகிறது என்றே தெரியாது. மெஷின் பின்னலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். இரண்டு ஊசியில் போடுகிற நிட்டிங்குக்கு மெஷின் உண்டு, 1589-லேயே வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்துவிட்டார். குரோஷாவுக்கு அப்படி இல்லை, விற்பனைக்கு வரும் குரோஷாப் பொருள் எதுவானாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் போட்டதுதான். ஒரு சின்ன அட்டையில் "கையால் போட்டது, ஆன நேரம் இவ்வளவு, பணம் போகும் இடம் இது" என்று எழுதிக் கட்டிவிடுங்கள். நீங்கள் வாயால் விளக்க வேண்டிய வேலை பாதி குறையும்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே கணக்குப் பார்க்க வேண்டும். ஆறு மணி நேரம் பிடிக்கும் ஒரு பொம்மை, அரை மணியில் முடியும் ஒரு புத்தக அடையாளம், இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நேரக் கணக்குப்படி பொம்மைக்குப் பன்னிரண்டு மடங்கு விலை வைக்க வேண்டும். வைக்க முடியுமா? நாலைந்து மடங்கு வைத்தாலே வாங்குகிறவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார். அப்படியென்றால் விற்பனைக்குச் சின்னப் பொருள்தான் சரி, ஓர் உட்காரலில் முடியக்கூடியது எதுவோ அது. பெரிய போர்வை, பெரிய சுவர்த்தொங்கல் மாதிரி ஏதாவது ஆசைப்பட்டுச் செய்திருந்தால் அதை ஒன்றே ஒன்றாக ஏலத்தில் விடுங்கள், அதற்குரிய தொகை அங்கேதான் வரும். குலுக்கல் நடத்துவதென்றால் முதலில் சட்டத்தைப் பாருங்கள், பல நாடுகளில் அனுமதி வாங்காமல் நடத்தக்கூடாது.

வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என்பது பொருளிலேயே தெரிந்தால் விலை பற்றிய பேச்சு இன்னும் குறையும். பாஸ்டன் நகரப் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கத்தார் 1834-இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வருடா வருடம் கைவேலைச் சந்தை நடத்தி இயக்கத்துக்குப் பணம் சேர்த்தார்கள். வீட்டில் உட்கார்ந்து தைத்த ஊசி உறைகளிலும் பைகளிலும் அடிமை முறையை எதிர்க்கும் வாசகங்களைப் பதித்து விற்றார்கள். அதை வாங்கிய வீட்டில் தினமும் ஊசி எடுக்கிறபோதெல்லாம் அந்த வாசகம் கண்ணில் படும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது, உங்கள் பொருளிலும் இரண்டு சொல் எம்பிராய்டரி செய்ய இடம் இருக்கிறதா பாருங்கள்.

நாங்கள் சில தோழிகள் சேர்ந்து புற்றுநோய் சிகிச்சையில் முடி கொட்டியவர்களுக்காக உல்லன் தொப்பிகள் பின்னி எடுத்துக்கொண்டு போனோம். மருத்துவமனையில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தனை பேரும் அழுதுவிட்டோம். மனசோடு செய்ததை இப்படியா மறுப்பது?

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, நன்றாகவே புரிகிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். ஆனால் மருத்துவமனை பார்த்தே ஆக வேண்டும். முடி கொட்டிய தலையில் தோல் மென்மையாகிவிடும், சொரசொரப்பான கம்பளி நூல் அரிக்கும், நடுவில் ஒரு தையல் தடித்திருந்தால்கூடப் படுக்கும்போது உறுத்தும். அந்த நேரத்தில் அவர்களுக்கு நோய்த்தொற்றுப் பயமும் உண்டு. சுடுதண்ணீரில் துவைக்கலாம் என்றால் கம்பளி சுருங்கிக் கெட்டித்துவிடும். மெல்லிய பருத்தி நூல், தையல் துருத்தாத பின்னல் என்று கேட்பதற்குக் காரணம் இதெல்லாம்தான்.

டென்மார்க்கில் 2013-இல் ஆரம்பித்த ஒரு முயற்சியைப் பாருங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குக் குரோஷாவில் சின்ன ஆக்டோபஸ் பொம்மை போட்டுக் கொடுத்தார்கள். குழந்தை அதன் கால்களைப் பிடித்துக்கொள்ளும், மூக்கிலும் கையிலும் இருக்கும் குழாய்களைப் பிடித்து இழுக்காமல் இருக்கும் என்பது எண்ணம். மருத்துவ ரீதியாக உறுதியாக நிரூபித்த விஷயம் என்று சொல்ல முடியாது, ஆனால் அவர்கள் போட்ட விதிகள் எனக்குப் பிடிக்கும். நூறு சதவீதம் பருத்தி. அறுபது டிகிரி வெந்நீரில் துவைத்தால் தாங்க வேண்டும். காலை இழுத்து நீட்டினாலும் 22 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, குழந்தையின் கழுத்தைச் சுற்றிவிடும் என்பதால். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு குழந்தை படுத்திருக்கிறது. கைக்குழந்தைகளுக்குப் பொம்மை செய்கிற எல்லாருக்கும் இதோடு ஒன்று சொல்லிவிடுகிறேன், பிளாஸ்டிக் கண், பொத்தான் எதுவும் வைக்காதீர்கள், கண்ணை நூலாலேயே எம்பிராய்டரி செய்யுங்கள். மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு சின்ன உருளை வைத்திருப்பார்கள், அதன் அகலம் 31.7 மி.மீ. அதற்குள் முழுசாக அடங்கும் துண்டு எதுவும் பொம்மையில் இருந்து கழன்று வரக்கூடாது.

கேட்காமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் நியூடவுன் என்ற ஊரில் 2012-இல் ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்து குழந்தைகள் இறந்தபோது, துக்கம் தாங்காமல் உலகெங்கிலும் இருந்து பொம்மைகள் அனுப்பினார்கள். ஏறத்தாழ 65,000 கரடி பொம்மைகள். அந்த ஊரின் மொத்த ஜனத்தொகையே முப்பதாயிரத்துக்கும் குறைவு. அழுதுகொண்டிருந்த ஊர், வந்ததையெல்லாம் வைக்கக் கிடங்கு தேட வேண்டியதாயிற்று. அனுப்பியவர்கள் அத்தனை பேரும் நல்ல மனசுக்காரர்கள்தான், யாரும் முதலில் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கூடிப்போனதை நல்ல வழியில் திருப்பியவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பிலிப் தீவுக்கு அருகே கடலில் எண்ணெய் கொட்டும்போது அங்கிருக்கும் சின்னப் பென்குவின்கள் தங்கள் இறகைக் கோதி எண்ணெயை விழுங்கிவிடும். அதைத் தடுக்கக் குளிப்பாட்டும்வரை ஒரு குட்டி ஸ்வெட்டர் மாட்டிவிடுவார்கள். செய்தி பரவியதும் உலகம் பூராவும் இருந்து ஸ்வெட்டர்கள் வந்து குவிந்தன, பென்குவின்களுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு. மிஞ்சியதைப் பொம்மைப் பென்குவின்களுக்கு மாட்டி விற்று, அந்தப் பணத்தைப் பறவைகளைக் காப்பாற்றச் செலவிட்டார்கள். உங்கள் தொப்பிகளுக்கும் இதுதான் வழி. நல்ல உல்லன் தொப்பி குளிர் தாங்காதவர்களுக்கு வேண்டும், விற்றுவிடுங்கள். வந்த பணத்தை அந்த மருத்துவமனைக்குக் கொடுங்கள், கொடுக்கப் போகும்போதே "அடுத்த முறை எந்த நூல், என்ன அளவு, எத்தனை வேண்டும்" என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். மாதிரிக்கு ஒன்றைப் போட்டுக் காட்டிச் சரி என்று சொன்ன பிறகு மிச்சத்தை ஆரம்பியுங்கள்.

எனக்குத் தைக்கத் தெரியும், வரையத் தெரியும். ஆனால் ஒருவரிடம் போய்ப் பணம் கேட்க நாக்கு வராது. அதனாலேயே ராப்பகலாக ஏதாவது செய்து விற்றுக்கொண்டிருக்கிறேன். கேட்காமலே திரட்ட வழி இருக்கிறதா?

இல்லை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், கேட்கக் கூச்சப்பட்டுத்தான் ராப்பகலாகத் தைக்கிறேன் என்று. இப்படி நிறையப் பேர் இருக்கிறீர்கள், ஒரு நிமிஷம் வாய்விட்டுக் கேட்பதைத் தவிர்க்க ஒரு வாரம் உழைக்கிறீர்கள். கைவேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்கப் பழகிக்கொண்டால் இந்த வேலையில் பெரும்பகுதி உங்கள் தோளில் இருந்து இறங்கிவிடும், வீட்டில் உங்கள் ஆசைக்கு வரைய நேரம் கிடைக்கும்.

கேட்கும்போது மொத்தமாக "முடிந்ததைக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள், கொடுப்பவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல் அவரும் சங்கடப்படுவார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அந்தப் பள்ளிக்கு நாற்பது நாற்காலி வாங்கித் தருகிறோம். இருபத்தாறுக்குப் பணம் சேர்ந்துவிட்டது. இன்னும் பதினாலு. ஒரு நாற்காலிக்கான பணம் நீங்கள் தர முடியுமா? இருபதாம் தேதிக்குள் சொன்னால் போதும்." சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தில்தான் நாம் பதறிப்போய் "பரவாயில்லை, முடியாவிட்டால் வேண்டாம்" என்று நாமே அவர் சார்பில் மறுத்துவிடுகிறோம். அவர் முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள், உறவு ஒன்றும் கெட்டுப்போகாது.

சின்னத் தொகை கேட்கத் தயங்க வேண்டாம். 1885-இல் நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையை நிறுத்தப் பீடம் கட்டப் பணம் போதாமல் வேலை நின்றபோது, ஜோசப் புலிட்சர் தன் பத்திரிகையில் பொதுமக்களிடம் கேட்டார். எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும் கொடுத்தவர் பெயரை அச்சிடுவேன் என்றார், அச்சிட்டார். சில மாதங்களில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது, பெரும்பாலானவர்கள் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. 1938-இல் இளம்பிள்ளை வாதத்துக்கு எதிராக அமெரிக்காவில் நடந்த நிதி திரட்டலில், ஆளுக்கொரு பத்து சென்ட் நாணயத்தை வெள்ளை மாளிகைக்குத் தபாலில் அனுப்புங்கள் என்று வானொலியில் கேட்டார்கள். 26 லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்கள் வந்தன. அந்த நிதியைத் திரட்டிய அறக்கட்டளையின் ஆதரவில்தான் ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி உருவாகி, அது பலன் தருகிறது என்று 1955 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லும் இடத்தில் உங்கள் தூரிகையை எடுங்கள். உள்ளங்கை அளவு அட்டையில் நீங்களே வரைந்த ஒரு நாற்காலி, பின்பக்கம் அவர் பெயர் எழுதி இரண்டு வரி.

எங்கள் குழுவில் இருபது பேர். கடைசியில் எல்லா வேலையும் என் தலையில்தான் விழுகிறது. எல்லாரையும் என் வீட்டுக்கு வரச்சொல்லி ஒன்றாக உட்காரலாம் என்றால் வீடு சத்திரமாகிவிடுகிறது.

அவரவர் வீட்டில் அவரவர் நேரத்தில் முடிக்கக்கூடிய துண்டாக வேலையைப் பிரியுங்கள். எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களின் நினைவாக அமெரிக்காவில் உருவான பெரிய ஒட்டுத்துணிப் போர்வையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு சவக்குழியின் அளவு. அந்த அளவு மாறக்கூடாது, அதற்குள் என்ன தைப்பது என்பது தைக்கிறவர் இஷ்டம், இறந்துபோனவரின் சட்டைத் துணியையே வைத்துத் தைத்தவர்கள் உண்டு. 1987 அக்டோபர் 11-ஆம் தேதி வாஷிங்டனில் முதல் முறையாக விரித்துக் காட்டியபோது 1,920 துண்டுகள் இருந்தன. இத்தனை பேரும் ஒரே வீட்டில் கூடியா தைத்தார்கள்?

அளவு, நூலின் தடிமன், கெடு தேதி மூன்றையும் நீங்கள் முடிவு செய்து சொல்லிவிடுங்கள், மற்றதில் தலையிடாதீர்கள். ஒருவர் தேர்ந்தெடுத்த நிறம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று பிரித்துத் திரும்பப் போட ஆரம்பித்தீர்களானால் மறுபடி எல்லாம் உங்கள் தலையில்தான் வந்து விழும். அப்புறம், பின்னத் தெரியாதவர்களை விட்டுவிடாதீர்கள். சேகரிப்பது, எண்ணுவது, பொதி கட்டுவது, தொலைபேசியில் நினைவூட்டுவது என்று பாதி வேலைக்கு ஊசியே தேவையில்லை. கெடுவைத் தவறவிட்டவருடைய துண்டு இல்லாமலே முடித்துவிடுங்கள். ஒரு முறை அப்படிச் செய்தால் அடுத்த முறை நேரத்துக்கு வரும்.

என் மனைவி இப்படி ஒரு குழு நடத்துகிறாள். நல்ல காரியம், பெருமையாகவும் இருக்கிறது. ஆனால் வீட்டுப் பணத்தில் நூல் வாங்குகிறாள், விற்ற பணம் அவள் கைப்பையில், சில நாள் அவசரத்துக்கு அதிலிருந்து வீட்டுச் செலவும் நடக்கிறது. கேட்டால் சண்டை. என்ன செய்யட்டும்?

சண்டை போடாமல், அதே சமயம் சும்மாவும் இருக்காமல், கணக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் சார். "நீ செய்வதில் தப்பு இருக்கிறது" என்று ஆரம்பித்தால் அவர் காதில் ஏறாது, "கணக்கு எழுதுவது என் பங்கு" என்று ஆரம்பியுங்கள். எத்தனை நேர்மையானவராக இருந்தாலும் ஊர்ப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே பையில் இருந்தால் ஒரு நாள் யாராவது கேட்பார்கள், பதில் சொல்ல முடியாமல் நிற்கப்போவது அவர்தான்.

குழுவின் பெயரில் தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி. அது ஆகும்வரை தனியாக ஒரு பெட்டி. விற்பனை முடிந்த அன்றைக்கே இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, தொகையை எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுப் பணத்தில் வாங்கும் நூலுக்கு ரசீது வைத்துக்கொண்டு, அது உங்கள் குடும்பத்தின் நன்கொடையா, திரும்ப எடுத்துக்கொள்ளும் செலவா என்று வாங்கும்போதே முடிவு செய்யுங்கள், பிறகு மாற்றாதீர்கள். நன்கொடை என்றால் மாதம் இவ்வளவுதான் என்று இருவரும் சேர்ந்து ஒரு வரம்பு வைக்க வேண்டும், வீடு அந்த வரம்புக்குள் நிம்மதியாக ஓட வேண்டும். வந்தது, பொருளுக்கு ஆனது, கொடுத்தது என்று மூன்று வரி போதும், மாதாமாதம் குழுவில் எல்லாரும் பார்க்கும்படி போட்டுவிடுங்கள். அந்த மூன்று வரியைப் பார்த்து நன்கொடை கொடுக்க முன்வருகிறவர்கள் உண்டு.

ஏழு வயது மகன் நானும் உதவி செய்கிறேன் என்று அடம் பிடிக்கிறான். அவன் வரைவதை யார் வாங்குவார்கள்? வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

யூனிசெஃப் அமைப்பின் வாழ்த்து அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அதன் முதல் அட்டையில் இருந்தது செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஜிட்கா சாம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி வரைந்த படம்தான். இரண்டாம் உலகப் போரில் அழிந்துபோன தன் ஊருக்கு வந்த உதவிக்கு நன்றி சொல்ல, காகிதம் கிடைக்காமல் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வரைந்திருந்தாள். 1949-இல் அது அட்டையாக வந்தது.

உங்கள் மகனுக்கு ஓர் அட்டைக் கட்டைக் கொடுத்து, வாங்கியவர்களுக்கான நன்றி அட்டை வரைகிற பொறுப்பை விட்டுவிடுங்கள். அழகாக இல்லை என்று திருத்தாதீர்கள். இத்தனை வரைய வேண்டும் என்று எண்ணிக்கையும் சொல்லாதீர்கள், ஆசை இருக்கிற வரைக்கும் வரையட்டும். பணம் எங்கே போகிறது என்பதை அவனுக்குப் புரியும்படி சொல்லுங்கள், முடிந்தால் கொடுக்கப் போகிற அன்று கூட்டிக்கொண்டு போங்கள்.

விற்பனை எல்லாம் முடிந்தது, ஒரு பை நிறைய மிச்ச நூல் துண்டுகள். இதிலும் ஏதாவது செய்து விற்கட்டுமா?

விற்க வேண்டாம், இது உங்கள் வீட்டுக்கு. நிறம் பார்த்துப் பிரிக்காமல் தடிமன் பார்த்துப் பிரியுங்கள், கம்பளியையும் அக்ரிலிக்கையும் ஒரே துண்டில் கலக்காதீர்கள், துவைத்தால் ஒன்று சுருங்கி மற்றது சுருங்காமல் கோணிக்கொள்ளும். ஒரே தடிமன் உள்ளதில் உள்ளங்கை அளவு சதுரங்கள் போட்டு வைத்துக்கொண்டே வந்தால் எப்போதாவது ஒரு போர்வை ஆகும், அவசரமே இல்லை. பூனை இருக்கிற வீடென்றால் பையை இறுக்கி மூடி வையுங்கள், நூலை விழுங்கினால் குடலில் சிக்கி ஆபரேஷன் வரைக்கும் போய்விடும்.